அண்ணி மூச்சு வாங்கும் இடம்

ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

"இனிமேல் போனில் என்னோடு சண்டை போடாதே. சொல்ல வேண்டியது இருந்தால் காகிதத்தில் எழுது. எழுதும்போதாவது யோசிப்பாய்" என்று கடைசியாக ஒரு செய்தி அனுப்பினீர்கள். அதற்குப் போனிலேயே பதில் போட்டால் இன்னொரு சண்டை. அதனால் விடுதிக்கு எதிரே இருக்கும் கடையில் போய்த் தபால் உறை கேட்டேன். கடைக்காரர் பரணில் ஏறித் தேடினார். "லவ் லெட்டராம்மா?" என்றார். "அண்ணிக்கு" என்றேன். "அப்ப சண்டைதான்" என்று சொல்லி ஒன்றுக்கு இரண்டு உறையாகக் கொடுத்தார்.

முதலில் உங்கள் தொண்டை. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, குரல் நாணில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள், டாக்டர் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று அண்ணன் சொன்னான். வலிக்கிறதா? இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது அந்த வீடியோ விஷயம். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

இந்த ஆண்டு கல்லூரியில் நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு மியூசிக் வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் மூன்று பயிற்சிகள் செய்யாமல் யாரும் உண்மையான பாட்டில் கை வைக்கக் கூடாது என்று எங்கள் எடிட்டிங் மேடம் சட்டம் போட்டிருக்கிறார். முதல் பயிற்சி வாயசைப்பு. ஏதாவது ஒரு பாட்டில் அரை நிமிடத்துக்கு ஒருவர் வாயசைக்க வேண்டும், நாங்கள் கிட்டத்திலும் தூரத்திலும் வைத்துப் படம் பிடித்து, பாட்டோடு பொருத்த வேண்டும். என்னிடம் இருந்தது உங்கள் பாட்டு. விடுமுறையில் நம் வீட்டுத் துணி அலமாரிக்குள், எதிரொலி வரக்கூடாதென்று, துணிகளுக்கு நடுவே வியர்த்து விறுவிறுத்து நின்று நீங்கள் பாடிக் கொடுத்த பாட்டு. பக்கத்தில் இருந்தவள் என் அறைத்தோழி சுருட்டை. அவளை நிற்க வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. பயிற்சிதானே என்று நினைத்தேன்.

சுருட்டை அதைத் தன் பக்கத்தில் போடுவாள் என்று எனக்குத் தெரியாது. அதன் கீழே எல்லோரும் "உனக்குள்ள இப்படி ஒரு குரலா!" என்று எழுதுவார்கள் என்றும் தெரியாது. அண்ணன் அதைப் பார்த்து, தங்கச்சி எடுத்தது என்ற பெருமையில், ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த உங்களுக்கே அனுப்பி வைப்பான் என்று யாருக்குத்தான் தெரியும்?

நான் திருடவில்லை அண்ணி. கேட்காமல் எடுத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்வீர்கள்.

உங்களுக்கு ஒரு ஆறுதல். மேடம் அந்தப் பயிற்சிக்கு மிகக் குறைவான மதிப்பெண் போட்டார். "வாய் பாடுது, கழுத்து தூங்குது" என்றார். வாயசைப்பவர் சும்மா உதட்டை அசைத்தால் போதாதாம், நிஜமாகவே உரக்கப் பாட வேண்டுமாம். சுருட்டை வெட்கப்பட்டு முணுமுணுத்தாள். அது தெரிகிறது.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

வாலு


ஜூலை 9

வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் உன் அண்ணன் எட்டிப் பார்த்தார். நான் முறைத்ததும் மிக்ஸியைத் துடைக்கப் போய்விட்டார்.

வலி இல்லை. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒரு சின்ன வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறோம். நான் அதில் எழுதிக் காட்டுகிறேன். வேடிக்கை என்னவென்றால் உன் அண்ணனும் எழுதிப் பதில் சொல்கிறார். "உங்களுக்கு என்ன வந்தது, வாயைத் திறந்து சொல்லுங்கள்" என்று எழுதினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "சரி" என்று எழுதினார். நாள் முழுக்க ஊரில் உள்ள லிஃப்ட்டுகளைப் பழுது பார்த்து, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிற மனிதருக்கு, வீட்டுக்குள் சத்தம் இல்லையென்றால் கை கால் ஓடவில்லை.

பேருந்து நிலையத்தில் நான் மைக்கில் அறிவிக்கும் இடத்தில் இப்போது டிக்கெட் கொடுக்கிறவர் உட்கார்ந்து அறிவிக்கிறாராம். போன வாரம் வடக்கே போக வேண்டிய கூட்டத்தைத் தெற்கே போகிற வண்டியில் ஏற்றிவிட்டார். பார்க்க வந்த தோழி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூடாது, அதனால் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் தோழிமேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பல்வரிசை அவளுக்கு. ஆனால் அந்த வீடியோ வந்த நேரத்தை நினைத்துப் பார். கண் விழித்து, தொண்டை காய்ந்து, தண்ணீர் வேண்டுமென்று கூடச் சொல்ல முடியாமல் படுத்திருக்கிறேன். போனைத் திறந்தால் என் குரல். யாரோ ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. எனக்கு "ஐயோ" என்று சொல்லக்கூட வழியில்லை. நீ திருடினாயா, எடுத்தாயா என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஓ, இது என்னிடமிருந்து போய்விட்டது என்றுதான் தோன்றியது.

இன்னொன்றும் சொல்கிறேன், உன் மேடம் சொல்லாதது. "இறங்கும் இடம் வந்தா எழுப்பிவிடு" என்று பாடி, "இன்னும் கொஞ்சம் கனவு பாக்கியிருக்கு" என்று எடுப்பதற்கு முன்னால் நான் ஒரு மூச்சு வாங்குகிறேன். கேட்டுப் பார். நான் மூச்சு வாங்கும் இடத்தில் அந்தப் பெண் சிரிக்கிறாள். மூச்சு வாங்காத வாயில் பாட்டு எப்படி உட்காரும்?

அண்ணி


ஜூலை 16

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் வந்த அன்றே சுருட்டை அந்த வீடியோவை எடுத்துவிட்டாள். எடுப்பதற்கு முன்னால் "இந்தக் குரல் என்னுடையது அல்ல, என் தோழியின் அண்ணியுடையது" என்று ஒரு நாள் முழுக்கப் போட்டு வைத்தாள். அவளாகவே செய்தாள், நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது பல்வரிசை வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மூச்சு விஷயத்தை மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை மூன்று நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார். "உங்க அண்ணி சொல்றது சரி. நான் உதட்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றார். பிறகு வகுப்பில் எல்லோரையும் அவரவர் பாட்டில் பாடகர் மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். வகுப்பே என்னைத் திட்டுகிறது.

இரண்டாவது பயிற்சியும் முடிந்தது. தாளத்துக்கு வெட்டுவது. உங்கள் பாட்டை எடுக்கவில்லை, கல்லூரியில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஒரு வாத்திய இசையை எடுத்தேன். கடைத்தெருவில் போய்ப் படம் பிடித்தோம். கேமரா பிடிப்பது எங்கள் வகுப்பு ஒட்டகம். பெயருக்கேற்ற உயரம், யாரை எடுத்தாலும் உச்சந்தலைதான் வருகிறது, குனிந்து எடு குனிந்து எடு என்று கத்தி எனக்கே உங்கள் நோய் வந்துவிடும் போலிருந்தது. ஒரு துணிக்கடை வாசலில் பொம்மைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் வந்து, "பொம்மையா இருந்தாலும் கேட்டுட்டு எடுங்க" என்றார். உங்களை நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து, தாளம் விழுந்த இடமெல்லாம் வெட்டினேன். ஒன்றுகூட விடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மேடம் பார்த்துவிட்டு, "மழையில பஸ் கண்ணாடி துடைக்கிற மாதிரி இருக்கு. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். தூக்கம் வருது" என்றார். எல்லா அடிக்கும் வெட்டினால் எந்த அடியும் அடியாக இருக்காதாம். நான் சில இடங்களில் வெட்டாமல் விட்டுப் பார்த்தேன். விட்ட இடங்கள்தான் நன்றாக இருந்தன. என் பேச்சுக்கும் இது பொருந்தும் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது.

வெளியில் எடுக்கும்போது இன்னொரு பாடம். போனில் பாட்டைப் போட்டால் காற்றிலும் வண்டிச் சத்தத்திலும் ஒன்றும் கேட்காது. பெரிய ஸ்பீக்கர் வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓட விட வேண்டும். நடுவில் என்ன தப்பு நடந்தாலும் கேமராவை நிறுத்தக் கூடாது. ஒட்டகம் அவ்வப்போது நிறுத்திவிட்டதால் பாதித் துண்டுகள் எதோடும் ஒட்டவில்லை.

அண்ணி, என் வீடியோவுக்கு உங்கள் பாட்டுதான் வேண்டும். இந்த முறை கேட்கிறேன். நீங்களே வந்து பாடி நடிப்பீர்களா? தொண்டை ஆறிய பிறகு போதும்.

வாலு


ஜூலை 25

வாலு,

டாக்டர் பேசச் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்குக் கொஞ்சம், மெதுவாக. ஆஸ்பத்திரியில் பேசிப் பார்த்தபோது, மருந்தின் வாடையோ பயமோ, சரியாகக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்று, "துண்டை எடுத்துட்டுப் போங்க" என்றேன். உன் அண்ணன் குளியலறைக்குள்ளிருந்து கேட்டார், "யாரு வந்திருக்கா?"

அவர் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அன்று சாயங்காலம் முழுக்க என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, "தண்ணி சத்தத்துல சரியா கேக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனிதர் பொய் சொல்லத் தெரியாமல் நாற்பது வயதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்.

குரல் கீழே இறங்கிவிட்டது. ஓரத்தில் மணல் ஒட்டினாற்போல ஒரு கரகரப்பு. பேச்சு தேறிவிடும், நிலையத்தில் வேலை பார்க்கலாம் என்கிறார் டாக்டர். மேல் ஸ்வரங்கள் பழையபடி வருமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அந்த வார்த்தையை நானும் நிலையத்தில் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன், வண்டி வராது என்று தெரிந்தபிறகும்.

குரல் பயிற்சி கொடுக்க ஒரு பெண் இருக்கிறாள். உன் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். டம்ளரில் தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவை அதில் விட்டு, "ஊ" என்று சொல்லிக்கொண்டே குமிழி விட வேண்டும். காலையும் மாலையும். உனக்கு மட்டுமா பயிற்சி? நானும் மாணவிதான்.

பாட்டு விஷயம். அந்த அலமாரிக்குள் நின்று பாடியவள் இப்போது இந்த வீட்டில் இல்லை. நீ எடுத்துக்கொள். உன் தோழியையே நடிக்க வை. நான் முழு மனதோடுதான் சொல்கிறேன். மூச்சு வாங்கும் இடங்களைச் சொல்லிக்கொடு, போதும்.

அண்ணி


ஆகஸ்ட் 1

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் "முழு மனதோடு" என்று எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் கோபமாக இருக்கும்போதுதான் எனக்கு உங்களோடு பேச வரும்.

மூன்றாவது பயிற்சியைச் சொல்கிறேன். வாயே அசையக் கூடாது. பாட்டு ஓட வேண்டும், ஆனால் யாரும் பாடக் கூடாது. எங்கள் விடுதிச் சமையல்கார அக்கா வேலை முடிந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கேட்டு, அனுமதி வாங்கி, காதில் ஹெட்போன் மாட்டி, அவருக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டேன். கேமராவை வைத்துவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ஒன்றுமே செய்யவில்லை. கை மட்டும் முந்தானை நுனியைப் பிடித்துப் பிடித்து விட்டது. ஒரு தடவை எதையோ மறுப்பதுபோல் தலையை ஆட்டினார். மேடம் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். "இதுல ஒரு ஷாட்கூட நீ நடிக்கச் சொல்லல, இல்ல?" என்றார். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

அதிலிருந்து எனக்கு ஒரு யோசனை. நீங்கள் பாட வேண்டாம். உங்கள் பழைய பாட்டை நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதை நான் எடுக்கிறேன். நம் வீட்டுக் கூடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் வேண்டாம். பார்ப்பவர்கள் யாரும் கண் எடுக்க மாட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

சொல்லுங்கள்.

வாலு


ஆகஸ்ட் 6

வாலு,

வேண்டாம்.

"அழுகை வந்தால் வரட்டும்" என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுதும்போது கேமரா எங்கே வைப்பது என்றும் யோசித்திருப்பாய். என் தொண்டை உன்னுடைய நான்காவது பயிற்சி இல்லை.

அண்ணி


ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதத் தாமதம் செய்ததற்குக் காரணம் கோபம் இல்லை, வெட்கம். ஆமாம், யோசித்தேன். ஜன்னலுக்கு இடது பக்கம் வைக்கலாம் என்று முடிவே செய்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதுகில் யாரோ தட்டியதுபோல் இருந்தது. சமையல்கார அக்காவிடம் அனுமதி கேட்டவளுக்கு உங்களிடம் கேட்பது எப்படி என்று தெரியவில்லை. சொந்தம் என்றால் கேட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு.

மன்னித்துவிடுங்கள்.

உங்கள் பேச்சைக் கேட்டு சுருட்டையை வைத்தே எடுக்கலாம் என்று ஒத்திகை தொடங்கினோம். மூச்சு இடங்களை எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மிகவும் நன்றாகச் செய்தாள், கழுத்து விழித்துக்கொண்டது, உரக்கப் பாடினாள். எங்கள் மாடிப்படியில் நாய்கூட எழுந்து போய்விட்டது, அவள் குரல் அப்படி. இரண்டு நாள் செய்த பிறகு, "என்னால முடியாதுடி" என்று உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்றேன். "அடுத்தவங்க மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு. எல்லாம் தெரியுது, ஆனா தலை சுத்துது" என்றாள்.

ஆகவே பாட்டை மாற்றிவிடலாம் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். அந்தப் பொதுவான வாத்திய இசையையே எடுத்துக்கொள்கிறேன். மதிப்பெண் குறையும், பரவாயில்லை. செப்டம்பர் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். உங்கள் பாட்டு என் கணினியில் பத்திரமாக இருக்கிறது. யாருக்கும் கொடுக்க மாட்டேன். வேண்டுமென்றால் அழித்துவிடச் சொல்லுங்கள், அழித்துவிடுகிறேன்.

குமிழிப் பயிற்சி எப்படிப் போகிறது?

வாலு


ஆகஸ்ட் 30

அன்புள்ள வாலு,

அழிக்காதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அறிவிப்பு அறையில் மேசை, மைக், ஜன்னல், எல்லாம் அப்படியே. கீழே நடைமேடைகளில் கூட்டம். மேலாளர் பக்கத்தில் நின்றுகொண்டு, "முடியலன்னா விட்டுடுங்க, டிக்கெட்ல உக்காந்துக்கலாம்" என்றார். வண்டி எண், போகிற ஊர், நிற்கிற இடம், புறப்படும் நேரம் எல்லாவற்றையும் முன்பு ஒரே மூச்சில் சொல்வேன். இப்போது முடியவில்லை. எண்ணைச் சொன்னேன், நிறுத்தினேன். ஊரைச் சொன்னேன், நிறுத்தினேன். அந்த வண்டியின் டிரைவர் படியேறி மேலே வந்துவிட்டார். போச்சு, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். கதவைத் திறந்து, "அட நீங்கதானா? புதுசா யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சேன். இப்பதான் நீங்க சொல்றது ஒவ்வொண்ணும் புரியுது" என்றார். இத்தனை வருஷமும் என்ன புரிந்துகொண்டு வண்டி ஓட்டினார் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரம் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிப் பார்த்தேன். குரல் பயிற்சிப் பெண் மெதுவாகத் தொடங்கலாம் என்று சொல்லியிருந்தாள். பழைய சுருதியில் வரவில்லை. இரண்டு கட்டை இறக்கினேன். "இறங்கும் இடம் வந்தா" என்பது வந்தது. "எழுப்பிவிடு" உடைந்தது. மறுபடி பாடினேன். முன்கூடத்தில் உன் அண்ணன் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அவர் எழுந்து வரவில்லை, நல்லாருக்கு என்று சொல்லவில்லை. குறைத்தார், அவ்வளவுதான். நான் பாத்திரங்களை எல்லாம் இரண்டாவது தடவை கழுவினேன்.

பிறகு உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். வாயசைப்பவர் நிஜமாகவே உரக்கப் பாட வேண்டும் என்று உன் மேடம் சொன்னாரே. அப்படியென்றால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. படத்தில் கேட்கப்போவது அலமாரிக்குள் பாடிய குரல். எடுக்கும்போது நான் என்ன குரலில் பாடினால் யாருக்கு என்ன? என் கழுத்து, என் மூச்சு, என் வாய். உள்ளே கரகரத்தால் கரகரக்கட்டும். பழைய சுருதியில் முடியாவிட்டால் கீழே பாடுகிறேன், உதட்டுக்கு உயரம் தெரியாது.

நான் நடிக்கிறேன். ஆனால் நிபந்தனை இருக்கிறது. கூடத்தில் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் வேண்டாம். அந்த டிரைவரிடம் பேசிவிட்டேன். பணிமனையில் ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவ நிற்கும், கழுவுவதற்கு முன்னால் நமக்குத் தருகிறார். இருக்கையில் உட்கார்ந்து பாடுகிறேன். யாரும் என்னை அழச் சொல்லக் கூடாது. ஒட்டகத்தைக் குனிந்து எடுக்கச் சொல். சுருட்டையையும் கூட்டிக்கொண்டு வா, அவளைப் பார்க்க வேண்டும்.

வருவதற்கு முன் உன் வாத்திய இசைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு.

அண்ணி


செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

படம் பிடித்து முடித்து விடுதிக்கு வந்து சேர்ந்த அன்றே எழுத நினைத்தேன். எல்லாவற்றையும் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று நிறுத்திவைத்தேன். சுருட்டை இன்னும் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அவள் தலைமுடியைப் பின்னிவிட்டதை அவிழ்க்காமல் வைத்திருக்கிறாள். நாற்றம் வரப்போகிறது, சொன்னால் கேட்பதில்லை.

முதல் நான்கு தடவை எடுத்தவை எல்லாம் அச்சாகப் பொருந்திவிட்டன. பழைய குரல் உங்கள் வாயில் உட்கார்ந்துகொண்டது. தொண்டை அசைகிறது, மூச்சு வாங்கும் இடத்தில் தோள் ஏறுகிறது. மேடம் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் நான் இவ்வளவு நாளா கத்தினேன்" என்றார். பயிற்சி எதுவும் வீண் போகவில்லை அண்ணி. வெட்டாமல் விட வேண்டிய இடங்களில் விட்டிருக்கிறேன். ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் உங்கள் கையை மட்டும் ஒரு வரி முழுக்க வைத்திருக்கிறேன்.

பிரச்சினை கடைசித் தடவை எடுத்ததில் இருக்கிறது. நினைவிருக்கிறதா, கடைசிச் சரணம் தொடங்கும்போது ஸ்பீக்கர் நின்றுபோனது? ஒட்டகம் முதல் நாள் சார்ஜ் போட மறந்துவிட்டான். நான் "கட்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். நடுவில் நிறுத்தாதே என்ற பாடம் நினைவு வந்து மூடிக்கொண்டேன். நீங்களும் நிறுத்தவில்லை. எங்களைப் பார்க்கக்கூட இல்லை. பாட்டு இல்லாமல், உங்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போனீர்கள். இன்னும் மெதுவாக, இன்னும் கீழே. வண்டிக்கு வெளியே வாளியோடு நின்றிருந்தவர் வாளியைக் கீழே வைத்தார். அந்தச் சத்தமும் பதிவாகியிருக்கிறது.

அதுதான் இருப்பதிலேயே நல்ல ஷாட். ஆனால் அலமாரிக் குரலை அதன்மேல் வைத்தால் ஒட்டவில்லை. வேகம் வேறு, மூச்சு விழும் இடங்கள் வேறு. எவ்வளவு இழுத்தாலும் வாயும் குரலும் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. அந்த ஷாட்டை வைத்தால் அதன் குரலோடுதான் வைக்க முடியும். முழுப் பாட்டும் பழைய குரல், கடைசிச் சரணம் இந்தக் குரல். செய்து பார்த்தேன். சுருட்டைக்கும் காட்டவில்லை. மேடத்துக்கும் காட்டவில்லை. நான் மட்டும் கேட்டேன், அப்புறம் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

நீங்கள் பாடும்போது இது யாருக்கும் கேட்காது என்று நம்பித்தான் பாடினீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். மற்ற நான்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கடைசிச் சரணத்தில் வைத்துவிடுவேன், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, என் மதிப்பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது. உங்களை வற்புறுத்துவதற்காக நான் எதையும் எழுதவில்லை. மொட்டை மாடியைப் பற்றி எழுதியதை வேண்டுமானால் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பகுதியை மட்டும் ஒரு குறுந்தகட்டில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். தனியாகக் கேளுங்கள்.

வாலு


செப்டம்பர் 22

அன்புள்ள வாலு,

தனியாகத்தான் கேட்டேன். உன் அண்ணனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். எழுந்துபோய்த் துணி மடித்தேன். பிறகு வந்து முழுவதும் கேட்டேன்.

அந்த அலமாரிக் குரலை இனி நான் தேட மாட்டேன் என்றெல்லாம் உனக்கு எழுத ஆசைதான். எழுதினால் பொய். நேற்றுக்கூடத் தேடினேன். ஆனால் இந்தக் கடைசிச் சரணத்தில் பாடுகிறவளையும் எனக்குத் தெரியும். எங்கே மூச்சு போதவில்லையோ அங்கே நிறுத்துகிறாள், நிறுத்தியதை மறைக்கவில்லை. டிரைவர் சொன்னது சரிதான், ஒவ்வொரு சொல்லும் புரிகிறது.

உன் அண்ணன் திரும்பி வந்ததும் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, வாங்கி வந்த பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். "இன்னொரு தடவை" என்றார். "வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

வைத்துக்கொள். கடைசிச் சரணம் வரை பழைய குரல், பிறகு இது. ஆனால் இப்போது நீ வைத்திருப்பதை வெளியே விடாதே. சரணம் முடிந்து "கனவு பாக்கியிருக்கு" என்று மறுபடி வரும் இடத்தில் சுருதி கொஞ்சம் விலகியிருக்கிறது. உனக்கும் உன் மேடத்துக்கும் அது கேட்காமல் இருக்கலாம், வாளியை வைத்தவருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்கிறது. தொண்டை சரியில்லை என்று சொல்லி மன்னித்துவிடக்கூடிய தப்பு அது. என்னை யாரும் அப்படி மன்னிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மறுபடி வாருங்கள். மாதக் கடைசிக்குள் நீ கொடுத்தாக வேண்டும் என்று தெரியும், இன்னும் நாள் இருக்கிறது. அந்தச் சரணத்தை மட்டும் எடுப்போம். ஸ்பீக்கர் கொண்டு வராதே. நான் இப்போதே தினமும் அதை ஸ்ட்ராவில் பாடிக்கொண்டிருக்கிறேன், தண்ணீர் மேசையெல்லாம் தெறிக்கிறது.

டிரைவரிடமும் நேற்றே சொல்லிவிட்டேன், வண்டி மறுபடி வேண்டும் என்று. "ஏம்மா, அன்னைக்குப் பாட்டு சரியா வரலியா?" என்றார்.

"பாட்டு நல்லாதான் வந்துச்சு. நான் இன்னும் நல்லா பாடுவேன்" என்றேன்.

அண்ணி